எலுமிச்சை மணக்கும் செடியில் எலுமிச்சை இல்லை

ஓணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது விடியற்காலையில் தோவாளைப் பூச்சந்தைக்குப் போய், கால் கிலோ பிச்சி மொட்டை வாழையிலையில் பொதிந்து மடியில் வைத்துக்கொண்டு நாகர்கோவிலுக்கு பஸ் ஏறினேன். கூட வந்த அக்கா மகன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான். ஏதோ ஓர் அமெரிக்கக் காணொளி. ஒருவர் காய்ந்த கஞ்சாப் பூவை முகர்ந்துவிட்டு, அப்படியே எலுமிச்சை மாதிரி மணக்கிறது என்று வியந்துகொண்டிருந்தார்.

"மாமா, இது எலுமிச்சையோட கிராஸ் பண்ணுனது, தெரியுமா?"

"ஆருல சொன்னா?"

"எல்லாரும் சொல்லுகானுவ."

முன் சீட்டு அம்மா திரும்பிப் பார்த்துவிட்டார். அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டோம். வீட்டுக்கு வந்து அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். நான் வேதியியல் படித்துவிட்டு, கோட்டாற்றில் ஒரு மலஞ்சரக்குக் (மலையில் விளையும் வாசனைச் சரக்கு) கடையில் கணக்கு எழுதியவன். கிராம்பு, நல்லமிளகு, ஏலம், ஜாதிக்காய் என்று சாக்குகளுக்கு நடுவிலேயே பல வருஷம் போனது. கஞ்சாவின் மணத்தைப் பற்றிய ஆய்வுகளைப் படிக்கத் தொடங்கியபோது, அதில் வரும் பாதிப் பொருட்கள் எங்கள் கடைச் சாக்கிலேயே இருந்தவை என்று தெரிந்து கொஞ்சம் சிரிப்பும் வந்தது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டப்படி, அனுமதியில்லாமல் கஞ்சாச் செடி வளர்ப்பது குற்றம். உத்தராகண்டில் போதைப் பொருள் 0.3 சதவீதத்தைத் தாண்டாத நார் வகைக்கு மட்டும் உரிமம் உண்டு. மணத்துக்காகச் செடிகளைக் கலந்து தேர்ந்தெடுக்கும் வேலை எல்லாம் அமெரிக்கா, கனடா, நெதர்லாந்து பக்கம் நடப்பது. எனக்கு இதில் பிடித்தது வேதியியல் மட்டும்தான். வளர்க்கும் வழி தேடி வந்தவர்களுக்கு இங்கே ஒன்றும் இல்லை.

புல்தைலத்தில் எலுமிச்சை எங்கிருந்து வந்தது?

நம் வீட்டிலேயே இருக்கும் ஒரு பொருளிலிருந்து தொடங்கலாம். தலைவலிக்குத் தேய்க்கும் புல்தைலத்தை முகர்ந்தால் எலுமிச்சை ஞாபகம் வரும். புல்லையும் எலுமிச்சையையும் யாராவது கலந்தார்களா என்ன? இல்லை. இரண்டு செடிகளும் தனித்தனியாக ஒரே பொருளைத் தயாரிக்கின்றன. அதன் பெயர் சிட்ரால். புல்லுக்கு எலுமிச்சையைத் தெரியாது, எலுமிச்சைக்குப் புல்லைத் தெரியாது. நம் மூக்குக்குத்தான் இரண்டையும் தெரியும்.

கஞ்சாவிலும் இதுதான் நடக்கிறது. கஞ்சாவையும் எலுமிச்சையையும் கலக்கவே முடியாது. பசுவுக்கும் கோழிக்கும் குட்டி பிறக்காது என்பது போல. செடியியலின்படி கஞ்சாவுக்கு நெருங்கிய சொந்தம், பீருக்குக் கசப்பு சேர்க்கும் ஹாப்ஸ் கொடி. எலுமிச்சைக் குடும்பம் வேறு ஊர், வேறு தெரு.

மணம் என்றால் என்ன? ஒரு பொருளின் மிக நுண்ணிய துகள்கள் (மூலக்கூறுகள்) காற்றில் கிளம்பி வந்து மூக்கின் உள்பக்கத்தில் ஒட்டுகின்றன. அப்படிச் சாதாரண வெப்பத்திலேயே காற்றில் கிளம்பக்கூடிய பொருளை ஆவியாகும் சேர்மம் என்கிறோம். சர்க்கரை கிளம்பாது, அதனால் மணக்காது. கற்பூரம் கிளம்பும், டப்பாவில் வைத்தாலும் நாளடைவில் சிறுத்துப் போகும்.

மனித மூக்கில் ஏறக்குறைய 400 வகையான ஏற்பிகள் இருக்கின்றன. ஏற்பி என்பது ஒரு பூட்டு மாதிரி. குறிப்பிட்ட வடிவமுள்ள மூலக்கூறுகள் வந்து ஒட்டினால் மூளைக்குத் தகவல் போகும். ஒரு மூலக்கூறு பல பூட்டுகளைத் திறக்கும், ஒரு பூட்டைப் பல மூலக்கூறுகள் திறக்கும். மூளை இதையெல்லாம் தனித்தனியாக எண்ணுவதில்லை. மொத்தமாக ஒரு படமாக எடுத்துக்கொண்டு, "பிச்சி" என்கிறது, "கிராம்பு" என்கிறது. உள்ளித்தீயல் கொதிக்கும் வாசம் தெருமுனையிலேயே தெரியும். ஆனால் அதில் வறுத்த தேங்காய் எவ்வளவு, மல்லி எவ்வளவு என்று மூக்கால் சொல்ல முடியுமா? என் அக்காவால் முடியும். அவளை விட்டுவிடுவோம்.

கிராம்பையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் மாவட்டத்து மாறாமலை, கரும்பாறைப் பக்கம் விளையும் கிராம்புக்கு 2021-ல் கன்னியாகுமரி கிராம்பு என்ற பெயரில் புவிசார் குறியீடு கிடைத்தது. கடைக்கு மூட்டை வந்ததும் முதலாளி ஒரு கிராம்பை எடுத்து, மொட்டுக்குக் கீழே நகத்தால் அழுத்துவார். எண்ணெய் கசிந்து நகம் மினுங்க வேண்டும். அந்த எண்ணெயில் பெரும்பகுதி, அதாவது முக்கால் பங்கு சுமார், யூஜெனால் என்ற ஒரே பொருள். பல்வலிக்குக் கிராம்பெண்ணெய் வைத்தால் மரத்துப்போவது அதனால்தான். அதோடு கூட இருக்கும் இன்னொன்று காரியோஃபிலீன். இந்தப் பெயரே கிராம்பின் பழைய தாவரவியல் பெயரான காரியோஃபில்லஸ் என்பதிலிருந்து வந்தது. கஞ்சாவில் அதிகம் காணப்படும் மணப் பொருட்களில் ஒன்று இந்தக் காரியோஃபிலீன்தான். நல்லமிளகிலும் உண்டு. மாறாமலையில் விளைந்த பெயர் என்று சொல்ல முடியாவிட்டாலும், கிராம்புப் பெயர்தான் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறது.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: மணம் என்பது ஒற்றைப் பொருள் அல்ல, பல ஆவியாகும் சேர்மங்களின் விகிதம். ஒரே பொருள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத செடிகளில் இருக்கலாம். அதனால் மணத்தை வைத்து வம்சத்தைச் சொல்ல முடியாது.

ஒரு தேங்காய், பல கறி

சரி, செடி இந்தப் பொருட்களை எப்படித் தயாரிக்கிறது? இங்கேதான் உண்மையான விஷயம் இருக்கிறது.

நம் சமையலறையில் தேங்காய் ஒன்றுதான். பச்சையாகச் சீரகத்தோடு கொரகொரப்பாக அரைத்தால் அவியல். கருக வறுத்து அரைத்தால் தீயல். பிழிந்து பால் எடுத்தால் பாயசம். மூலப்பொருள் ஒன்று, கைவேலை வேறு.

செடிக்குத் தேங்காய் மாதிரி இருப்பது ஐந்து கார்பன் அணுக்கள் கொண்ட ஒரு சின்னத் துண்டு. அதை ஐசோப்ரீன் அலகு என்பார்கள். இந்தத் துண்டுகளை ஒன்றோடொன்று கோத்துச் செய்யும் பொருட்களின் பெரிய குடும்பத்துக்கு டெர்பீன்கள் என்று பெயர். பைன் மரப் பிசினிலிருந்து எடுக்கும் டர்பன்டைனிலிருந்து அந்தப் பெயர் வந்தது. இரண்டு துண்டு சேர்ந்தால் பத்து கார்பன். மூன்று துண்டு சேர்ந்தால் பதினைந்து கார்பன். இந்தக் கோப்பு விதியைத் தெளிவாக்கிய லியோபோல்ட் ருஜிச்கா 1939-ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்.

பத்து கார்பன் குடும்பம் லேசானது, சீக்கிரம் பறக்கும். எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலில் நிறைந்திருக்கும் லிமோனீன், பைன் மரத்தை நினைவூட்டும் பைனீன், மாங்காயிலும் ஹாப்ஸிலும் இருக்கும் மிர்சீன், கொத்தமல்லி விதையிலும் பிச்சியிலும் இருக்கும் லினலூல் எல்லாம் இந்த வகை. பதினைந்து கார்பன் குடும்பம் கனமானது, மெதுவாகக் கிளம்பும்: காரியோஃபிலீன், ஹியூமுலீன். கஞ்சாவில் மணப் பொருட்கள் நூற்றுக்கு மேல் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன. ஆனாலும் ஒரு செடியை எடுத்துப் பார்த்தால் இந்த ஆறேழு பேர்தான் கூட்டத்தில் முன்வரிசையில் நிற்பார்கள்.

இடையில் ஒன்று. யூஜெனால் டெர்பீன் அல்ல. அது வேறு வழியில் உண்டாவது. கிராம்புக்குள் இரண்டு அடுப்பு எரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சமையல்காரர் யார்?

தேங்காய் தானாக அவியலாகாது. செடிக்குள் இந்தக் கைவேலையைச் செய்பவை நொதிகள். நொதி என்பது ஒரு வேதிவினையை நடத்தித் தரும் புரதம். பத்து கார்பன் துண்டைப் பிடித்து, ஒரு நொதி அதை வளையமாக மடித்தால் லிமோனீன். இன்னொரு நொதி வேறு விதமாக முடிச்சுப் போட்டால் பைனீன். மடிக்காமல் விட்டால் மிர்சீன். கார்பன் எண்ணிக்கை மாறவில்லை, வடிவம் மட்டும் மாறியிருக்கிறது. மூக்குக்கு வடிவம்தான் எல்லாம்.

எந்த அளவுக்கு வடிவம் முக்கியம் என்றால், கார்வோன் என்ற ஒரு பொருளுக்கு வலக்கை, இடக்கை போல இரண்டு வடிவங்கள் உண்டு. அணுக்கள் அதேதான், கண்ணாடியில் பார்த்தது போல் திரும்பியிருக்கும். ஒன்று நம் புதினாவில் இருக்கிறது. மற்றது நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் சதகுப்பையில் இருக்கிறது. இரண்டையும் முகர்ந்து பாருங்கள், ஒரே பொருளின் இரண்டு கை என்று சத்தியம் பண்ணினாலும் நம்பமாட்டீர்கள்.

இந்தச் சமையல்காரர்களைச் செய்யும் குறிப்பு செடியின் மரபணுவில் இருக்கிறது. கஞ்சாவில் டெர்பீன் செய்யும் நொதிகளுக்கான மரபணுக்கள் 30-க்கு மேல் கண்டறியப்பட்டிருக்கின்றன. இதில் ஒரு சிக்கல்: பல நொதிகள் ஒரே பொருளைச் சுத்தமாகச் செய்வதில்லை. ஒரு பொருளை அதிகமாகவும், கூடவே இரண்டு மூன்றைக் கொஞ்சமாகவும் செய்யும். முறுக்கு பிழியும்போது ஓரத்தில் தூள் விழுவது மாதிரி. அந்தத் தூளும் மணக்கும்.

சமையல் நடக்கும் இடம் பூவைச் சுற்றியிருக்கும் சின்னச் சின்ன சுரப்பி முடிகள். ஓமவல்லி இலையைத் தடவிப் பார்த்தால் வெல்வெட் போல் இருக்கும், விரலில் மணம் ஒட்டும். அதே சங்கதிதான். கஞ்சாவில் அந்த முடிகளின் நுனியில் குண்டூசித் தலை போல ஒரு பிசின் பை இருக்கும். மணப் பொருட்களும் போதைப் பொருளும் அந்தப் பையில்தான் சேர்கின்றன.

சுருக்கமாக: மூலப்பொருள் ஐசோப்ரீன் துண்டு, சமைப்பவை நொதிகள், குறிப்பு மரபணுவில், அடுப்பு சுரப்பி முடியில். செடியைத் தேர்ந்தெடுப்பவர் மணத்தைத் தேர்ந்தெடுப்பதாக நினைக்கிறார். அவர் கையில் வருவது ஒரு கூட்டம் சமையல்காரர்கள்.

வாசம் அதிகம் என்றால் வீரியம் அதிகமா?

இதுதான் நான் அதிகம் கேட்கும் தவறான கருத்து. மூக்கைத் துளைக்கிறது, அப்போ சரக்கு கடுமை என்பார்கள்.

சமையல் கேஸ் சிலிண்டரை நினைத்துப் பாருங்கள். உள்ளே இருக்கும் வாயுவுக்கு வாசமே கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காகக் கந்தகம் கலந்த ஒரு பொருளை மிகச் சிறிய அளவில் சேர்க்கிறார்கள். நாம் "கேஸ் வாசம்" என்பது அந்தச் சேர்ப்பின் வாசம். வாசம் தூக்கலாக இருந்தால் தீ நன்றாக எரியும் என்று யாராவது சொல்வார்களா?

கஞ்சாவில் போதை தரும் முக்கியப் பொருள் டி.எச்.சி. அதை 1964-ல் இஸ்ரேலில் ரஃபேல் மெக்கூலமும் யெஹியேல் கவோனியும் தனியே பிரித்து அதன் அமைப்பைக் கண்டுபிடித்தார்கள். அது ஏறக்குறைய மணமற்றது. கனமான மூலக்கூறு, சாதாரண வெப்பத்தில் கிளம்புவதில்லை. போதை தராத இன்னொரு பொருளான சி.பி.டி.யும் அப்படித்தான். மூக்குக்கு வருவதெல்லாம் பக்கத்தில் இருக்கும் டெர்பீன்களும், அவற்றின் தோழர்களும். மணமே இல்லாத ஒன்றின் அளவை மூக்கு எப்படிச் சொல்லும்?

ஆனால் இரண்டுக்கும் உறவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. லிமோனீன் செய்யும் அதே பத்து கார்பன் துண்டை எடுத்து, வேறொரு அமிலத்தோடு ஒட்டித்தான் செடி டி.எச்.சி.க்கும் சி.பி.டி.க்கும் தாய்ப்பொருளைச் செய்கிறது. ஒரே தேங்காய்ப் பாலை இரண்டு சட்டிக்காரர்கள் பங்கு போடுகிறார்கள். உறவு அடுப்பங்கரையில் இருக்கிறது, வாசத்தில் இல்லை.

மோப்ப நாய் சங்கதியும் இதுவே. கஞ்சாவை நாய் கண்டுபிடிப்பது டி.எச்.சி.யை முகர்ந்து அல்ல. காரியோஃபிலீன் காற்றுப் பட்டு மாறும்போது உண்டாகும் காரியோஃபிலீன் ஆக்சைடுதான் அதற்கு முக்கியக் குறி என்பது பல காலமாகச் சொல்லப்படுவது. கிராம்புச் சாக்கிலும் அந்தப் பொருள் உண்டு. ஆனால் நாயும் விகிதத்தைத்தான் படிக்கிறது போலும். எங்கள் கடை வாசலில் படுத்துக் கிடந்த நாய் கிராம்பைப் பார்த்து ஒரு நாளும் குரைத்ததில்லை. அது மோப்ப நாய் இல்லை என்பது வேறு விஷயம்.

துளியூண்டு பொருள், பெரிய சத்தம்

நீண்ட காலம் வரை கஞ்சாவின் மணம் என்றால் டெர்பீன் என்றே எழுதிக்கொண்டிருந்தார்கள். ஆனால் ஒரு கணக்கு இடித்தது. சில வகைகளில் மூக்கைச் சுளிக்க வைக்கும், பூண்டும் ரப்பரும் கருகினது போன்ற ஒரு வீச்சம் உண்டு. ஆங்கிலத்தில் ஸ்கங்க் என்ற விலங்கின் பெயரால் அதைச் சொல்வார்கள். நமக்கு மரநாய் மாதிரி என்றால் புரியும். எந்த டெர்பீனை எடுத்து முகர்ந்தாலும் அந்த வாடை வரவில்லை.

2021-ல் வெளியான ஓர் ஆய்வில் விடை கிடைத்தது: கந்தகம். நம் பழைய ஐந்து கார்பன் துண்டின் வாலில் ஒரு கந்தக அணு ஒட்டிய சிறிய மூலக்கூறு. வெயில் பட்ட பீர் பாட்டிலில் வரும் கெட்ட வாடையும் இதே பொருளால்தான். அளவு மிக மிகக் குறைவு, டெர்பீன்களோடு ஒப்பிட்டால் கடலில் ஒரு கை உப்பு. மணத்தில் மட்டும் அதுதான் நாட்டாமை. 2023-ல் அதே குழுவினர் இன்னும் சில பொருட்களைச் சொன்னார்கள். பழ வாசம் அடிக்கும் வகைகளில் வேறு கந்தகச் சேர்மங்கள். கொஞ்சம் கெட்டுப்போன, கடுத்த வாடை அடிக்கும் வகைகளில் இண்டோல், ஸ்கேட்டோல் என்ற பொருட்கள்.

இண்டோல் என்றதும் எனக்குப் பிச்சிதான் நினைவுக்கு வந்தது. மல்லிகை, பிச்சி மணத்தில் இண்டோல் உண்டு. மலத்திலும் உண்டு. சாமிக்குச் சாத்தும் பூவிலும் கழிவிலும் ஒரே பொருள். அளவும் கூட்டாளிகளும்தான் ஒன்றை மாலையாக்குகின்றன, மற்றதை மூக்கைப் பிடிக்க வைக்கின்றன. நேற்றைய பிச்சிச் சரத்தைக் குப்பையில் போடும்போது முகர்ந்து பார்த்தவர்களுக்கு இது புரியும்.

மிளகுக்கும் இதே கதை. நல்லமிளகில் காரியோஃபிலீனும் லிமோனீனும் பைனீனும் ஏராளம். ஆனால் "இது மிளகு" என்று மூக்குக்கு உறைக்கச் செய்வதில் பெரும் பங்கு ரோட்டண்டோன் என்ற பொருளுக்கு. ஒரு லிட்டர் தண்ணீரில் 8 நானோகிராம் இருந்தாலே போதும், மூக்கு கண்டுபிடித்துவிடும். ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. 2008-ல் ஆஸ்திரேலியர்கள் ஒரு வகைத் திராட்சை மதுவின் மிளகு வாசத்தைத் துரத்திப் போய் இதைப் பிடித்தார்கள். அதில் இன்னொரு வேடிக்கை: சோதனையில் முகர்ந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு, சோதித்ததிலேயே மிக அதிக அளவிலும் அந்த வாசம் தெரியவேயில்லை. ஒரே ரசத்தை இரண்டு பேர் சாப்பிட்டு ஒருவர் மிளகு வாசம் தூக்கல் என்பதும் மற்றவர் வாசமே இல்லை என்பதும் சும்மா சண்டை அல்ல.

ஆகவே ஆய்வகச் சீட்டில் எந்தப் பொருள் அதிக சதவீதம் என்று பார்த்து மணத்தைச் சொல்வது பாதிக் கணக்கு. எது எவ்வளவு இருக்கிறது என்பது ஒன்று; மூக்கு எதைக் கேட்கிறது என்பது இன்னொன்று.

சக்கைக் கொட்டையும் வாழைக் கன்றும்

இப்போது கலப்புக்கு வருவோம். நம் ஊரில் இதை யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. நல்ல வருக்கைச் சக்கை (கெட்டிச் சுளைப் பலா) தின்றுவிட்டுக் கொட்டையை நட்டால், பல வருஷம் காத்திருந்து குழகுழவென்ற கூழன் பலா காய்த்துக் கிடக்கும் வீடுகள் எத்தனையோ. ஏனென்றால் கொட்டை தாயின் நகல் அல்ல. எங்கிருந்தோ வந்த மகரந்தத்தின் பங்கும் அதில் இருக்கிறது. மட்டி வாழைக்கு அந்தக் கவலை இல்லை. கன்றைப் பிரித்து நட்டால் அதே மட்டி, அதே மணம். கன்று தாயின் நகல்.

கஞ்சாவில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. மகரந்தம் காற்றில் போகும். அதனால் ஒவ்வொரு விதையும் சக்கைக் கொட்டை மாதிரி ஒரு புதுச் சீட்டுக்கட்டு. எலுமிச்சை மணத் தாயையும் பைன் மணத் தகப்பனையும் சேர்த்தால் பிள்ளைகள் எல்லாம் பாதி எலுமிச்சை பாதி பைனாக வரும் என்பது பெயின்ட் கலக்கும் கணக்கு. மரபணு அப்படிக் கலப்பதில்லை. ஒரு பிள்ளைக்குத் தாயின் லிமோனீன் சமையல்காரர் கிடைப்பார், இன்னொன்றுக்குக் கிடைக்கமாட்டார். மூன்றாவதுக்கு இரண்டு பக்கத்துச் சமையல்காரர்களும் கிடைத்து, மூலப்பொருளுக்கு அடித்துக்கொண்டு, இருவரிடமும் இல்லாத ஒரு மணம் வரும்.

ஆகவே அங்கே செய்வது இதுதான்: நிறைய நாற்று போட்டு, ஒவ்வொன்றாக முகர்ந்து, அளந்து, பிடித்த ஒன்றை மட்டும் எடுத்து, அதைத் தண்டு வெட்டி நகலெடுப்பார்கள். வாழைக் கன்று முறை. அளப்பதற்குக் கேஸ் குரோமட்டோகிராஃபி என்ற கருவி. மணப் பொருளை ஆவியாக்கி, மெல்லிய நீண்ட குழாய்க்குள் ஓட விடுவார்கள். லேசானவை முன்னே ஓடி வரும், கனமானவை பின்தங்கும். யார் எப்போது வந்து சேர்ந்தார், எவ்வளவு பேர் வந்தார் என்று கருவி வரைபடம் போடும்.

மணம் எப்போதும் இவ்வளவு சிக்கலா என்றால், இல்லை. பாஸ்மதி அரிசியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மணத்துக்கு முக்கியக் காரணம் ஒரே ஒரு பொருள். பிரியாணியில் போடும் ரம்பை இலையில் இருப்பதும் அதுவே. சாதாரண நெல்லில் ஒரு மரபணு அந்தப் பொருள் சேராமல் தடுக்கிறது. மண நெல்லில் அந்த மரபணுவில் ஒரு சின்னத் துண்டு விடுபட்டு அது வேலை செய்யாமல் போயிருக்கிறது. ஒரு சுவிட்ச், ஒரு விளக்கு. கஞ்சாவிலும் டி.எச்.சி.யா சி.பி.டி.யா என்பது பெருமளவு ஒரே இடத்து மரபணுவால் தீர்மானமாவது. மணம் அப்படி இல்லை. அது கல்யாண வீட்டு சீரியல் லைட். எந்த வயரை இழுத்தால் எது அணையும் என்று தெரியாது.

ரோஜாவில் இதன் விலையை நாமே பார்த்தோம். பன்னீர் ரோஸ் ஒன்று இருந்தால் அறை மணக்கும், ஆனால் சாயங்காலத்துக்குள் இதழ் உதிரும். பெட்டியில் வரும் கொத்து ரோஸ் நாலைந்து நாள் நிற்கும், மணம் பேருக்குக்கூட இல்லை. நீண்ட தண்டு, நிறம், தாங்கும் நாள் இவற்றுக்காகத் தேர்ந்தெடுத்துக்கொண்டே போனபோது மணம் கவனிக்க ஆளில்லாமல் கழன்றுவிட்டது. 2015-ல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் மணமுள்ள ரோஜாவையும் மணமில்லாததையும் ஒப்பிட்டு, மணமில்லாததில் ஒரு குறிப்பிட்ட நொதி கிட்டத்தட்ட வேலைநிறுத்தத்தில் இருப்பதைக் காட்டினார்கள். கஞ்சாவில் பல காலம் எல்லாரும் டி.எச்.சி. எண்ணை ஏற்றுவதிலேயே குறியாக இருந்தார்கள். இப்போது மணத்தைத் தேடிப் போவது, என் பார்வையில், கொத்து ரோஸ்காரர்கள் பன்னீர் ரோஸுக்குத் திரும்பி வருவது போலத்தான்.

பெயர்ப்பலகையை நம்பலாமா?

வெளிநாட்டுக் கடைகளில் ஒவ்வொரு வகைக்கும் ஒரு பெயர். எலுமிச்சை இது, மாம்பழம் அது. போதாததற்கு இண்டிகா, சட்டைவா என்று இரண்டு பெரிய பிரிவு. இண்டிகா என்றால் தூக்கம், சட்டைவா என்றால் சுறுசுறுப்பு என்று கதை. இந்தப் பெயர்கள் பழையவை: சட்டைவா 1753-ல் லின்னேயஸ் வைத்தது, இண்டிகா 1785-ல் லாமார்க் இந்தியச் செடிக்கு வைத்தது. இன்றைக்குக் கடைப் பலகையில் இருப்பதற்கும் அவர்கள் வைத்ததற்கும் சம்பந்தம் குறைவு.

கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் நூற்றுக்கணக்கான மாதிரிகளின் மரபணுவையும் மணப் பொருட்களையும் பரிசோதித்து 2021-ல் வெளியிட்டார்கள். இண்டிகா, சட்டைவா என்ற பலகை வம்சத்தைக் காட்டவில்லை. சில டெர்பீன்களோடு மட்டும் ஒத்துப்போனது. இண்டிகா என்று எழுதியவற்றில் மிர்சீன் கூடுதல் என்பது போல. அதாவது, யாரோ மூக்கால் முகர்ந்துவிட்டுப் பலகை மாட்டியிருக்கிறார்கள் என்றுதான் தோன்றுகிறது. கோட்டாறு கம்போளத்தில் "மாறாமலை கிராம்பு" என்று எழுதிய சாக்கெல்லாம் மாறாமலையிலிருந்து இறங்கியதா என்ன?

ஒரே நகல் செடியாக இருந்தாலும் மணம் அப்படியே நிற்காது. வெயில், அறுவடை நாள், உலர்த்திய விதம் எல்லாம் விகிதத்தை மாற்றும். பத்து கார்பன் ஆட்கள் முதலில் பறந்துவிடுவார்கள், கனமானவர்கள் தங்குவார்கள். புதிதாக இடித்த மிளகுப் பொடியில் வரும் அந்த முதல் பளிச், ஒரு மாதம் கழித்து டப்பாவைத் திறந்தால் இருப்பதில்லை. காரம் இருக்கும், பளிச் போயிருக்கும்.

அப்புறம், "மிர்சீன் தூங்க வைக்கும், லிமோனீன் உற்சாகம் தரும்" என்ற அட்டவணைகள். இவற்றில் பெரும்பாலும் எலிகளிடம் பார்த்ததையும் விற்பனைப் பேச்சையும் கலந்து கட்டியது. மனிதர்களிடம் நடந்த சோதனைகள் கொஞ்சமே. 2024-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 20 பேரிடம் பார்த்தபோது, டி.எச்.சி. உண்டாக்கும் பதற்றத்தை லிமோனீன் கொஞ்சம் குறைத்தது. அதுவும் அளவைக் கூட்டிக் கொடுத்தபோது. இது ஆரம்பம் மட்டுமே. மிர்சீனால் தூக்கம் வரும் என்றால், மாம்பழக் காலத்தில் நம் மாவட்டத்தில் ஒரு பஸ்ஸும் ஓடாது.

இவ்வளவையும் சொல்லி முடிக்கும்போது விளக்கு வைக்கும் நேரமாகிவிட்டது. அக்கா பிச்சியைத் தொடுத்து, சரத்தை ஈரத் துணியில் சுற்றி வைத்திருந்தாள். காலையில் பஸ்ஸில் மடியிலேயே இருந்த பொதி, பச்சை இலை வாசத்தைத் தவிர வேறு எதுவும் தரவில்லை. இப்போது துணியைப் பிரித்ததும் திண்ணை வரை வந்தது.

"மாமா, காலத்த இது மணக்கவே இல்லையே?"

"மொட்டாட்டுல்லா இருந்துது. இப்பந்தான் அடுப்பு மூட்டியிருக்கு மக்கா."

அவன் ஒரு பூவைக் கிள்ளி மூக்கருகே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு, இதில் இண்டோல் எங்கே இருக்கிறது என்று தேட ஆரம்பித்தான்.